தராசில் வைத்து வாங்க வேண்டிய பொருள்: டெல்டா கடைகளில் கிடைக்கும் சோபா ஃபோம்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று எங்கே போய் "சோபா குஷனுக்கு ஃபோம் வேணும்" என்றாலும் கடைக்காரர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "முப்பத்திரண்டு போடவா, நாற்பது போடவா?" வாங்க வந்தவர் இரண்டு துண்டையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறார். எது கெட்டியாகத் தெரிகிறதோ அதுதான் நாற்பது, அதுதான் உழைக்கும் என்று முடிவுகட்டிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார். குஷன் விஷயத்தில் ஏமாற்றம் பெரும்பாலும் இந்த ஒரு நிமிடத்தில்தான் நேர்கிறது.

அந்த எண் கெட்டித்தன்மையைச் சொல்வதே இல்லை, எடையைச் சொல்கிறது. ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ இருந்தால் 40 டென்சிட்டி, 32 கிலோ இருந்தால் 32 டென்சிட்டி. ஆலையில் பாலியால், ஐசோசயனேட், தண்ணீர் மூன்றும் சேரும்போது கரியமில வாயு பிறந்து, கலவை இட்லி மாவுபோலப் பொங்கி எழுகிறது. தண்ணீரைக் கூட்டினால் வாயு கூடும், அதே சரக்கில் பெரிய கட்டி கிடைக்கும், டென்சிட்டி குறையும். 32 டென்சிட்டி ஃபோமில் 97 விழுக்காடு காற்றுதான். மீதி 3 விழுக்காடு சரக்குதான் நம் எடையை வருடக்கணக்கில் தாங்குகிறது. அந்தச் சரக்கு எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் டென்சிட்டி காட்டுகிறது.

கெட்டி, மெத்து என்பது தனிக் கணக்கு. கலவையை மாற்றி 23 டென்சிட்டியையும் கல்போல வார்க்கலாம், 40 டென்சிட்டியையும் பஞ்சுபோல வார்க்கலாம். கட்டைவிரல் ஏமாறுவது இங்கேதான். கெட்டியாக வார்த்த 23 டென்சிட்டி கடையில் கம்பீரமாகத் தெரியும். தினம் நாலு பேர் உட்காரும் கூடத்தில் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் நடுவில் குழி விழுந்துவிடும். ஃபோமுக்குள் இருக்கும் நுண்ணிய காற்றறைகளின் சுவர்கள் மெல்லியதாக இருப்பதால் திரும்பத் திரும்ப மடங்கி முறிந்துபோகின்றன. டென்சிட்டியை ஆயுளுக்காகப் பாருங்கள், கெட்டித்தன்மையை உட்காரும் சுகத்துக்காகப் பாருங்கள். கடையில் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லி வாங்க வேண்டும்: "32 டென்சிட்டி, மீடியம்", "40 டென்சிட்டி, ஹார்ட்" என்று.

தராசும் ஒரு இரும்புக் குண்டும்

எண் எடையைச் சொல்வதால் அதைச் சரிபார்க்க ஒரு தராசு போதும். நீளம், அகலம், கனம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்குங்கள். டென்சிட்டியால் பெருக்கி 61,024 ஆல் வகுங்கள். வருவது கிலோ கணக்கில் அந்தத் துண்டு இருக்க வேண்டிய எடை. நம் ஊர் மரச் சோபாக்களுக்கு அதிகம் வெட்டும் அளவு 22-க்கு 22, கனம் 5 அங்குலம். அந்தத் துண்டு 40 டென்சிட்டி என்றால் 1 கிலோ 590 கிராம் வர வேண்டும். 32 என்றால் 1 கிலோ 270, 28 என்றால் 1 கிலோ 110, 23 என்றால் 910 கிராம். நாற்பது என்று சொல்லிக் கொடுத்த துண்டு 1 கிலோ 300 காட்டினால் உங்களுக்கு வந்திருப்பது முப்பத்திரண்டு. நூறுக்கு ஐந்து கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. வெட்டில் கனம் ஒரு நூல் கூடும், குறையும். அதற்கு மேல் குறைந்தால் கேள்வி கேட்க வேண்டும். மெத்தைக் கடையில் தராசு இல்லையென்றால் பக்கத்து மளிகைக் கடையில் இருக்கும். வீட்டில் சிலிண்டர், பெட்டி நிறுக்கும் சின்னத் தொங்கு தராசு இருந்தால் கையோடு கொண்டுபோய்விடுங்கள். எடை போடுவதை மறுக்கும் கடையில் சோபா ஃபோம் வாங்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

எடை தெரிந்தால் விலையும் தெளிவாகிவிடும். இரண்டு கடையில் இரண்டு விலை சொன்னால், ஒவ்வொரு விலையையும் அந்தந்தத் துண்டின் எடையால் வகுத்துப் பாருங்கள். கிலோவுக்கு என்ன விழுகிறது என்று பார்க்கும்போது மலிவு என்று நினைத்தது பலமுறை மலிவாக இருக்காது.

தராசையும் ஏமாற்ற ஒரு வழி உண்டு. கலவையில் சுண்ணாம்புக்கல் தூளைச் சேர்த்தால் எடை ஏறும், வலு ஏறாது. அப்படிப்பட்ட துண்டை வெட்டிய பக்கத்தில் கறுப்புத் துணியால் நாலு முறை அழுத்தித் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டும். ஒரு ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளித் திருகினால் இழுபட்டுத் திரும்புவதற்குப் பதில் உதிர்ந்து வரும். அமுக்கிவிட்டால் எழுந்து வருவதில் ஒரு சோம்பல் தெரியும்.

இதைக் கண்ணால் அளந்தே பார்க்கலாம். லாரி பட்டறையிலோ மெக்கானிக் கடையிலோ 16 மில்லிமீட்டர் பேரிங் குண்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடத்தில் ஃபோமின் துள்ளலை அளப்பதும் இதே குண்டை வைத்துத்தான். ஃபோம் துண்டு இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். தரையில் வைத்து, பக்கத்தில் ஒரு அளவுகோலை நிமிர்த்திப் பிடித்து, 50 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து குண்டை விடுங்கள். தள்ளிவிடக் கூடாது, விரலைப் பிரித்தால் போதும். மூன்று இடத்தில் விட்டு நடுவான அளவை எடுங்கள். 20 சென்டிமீட்டர் எழும்பினால் சாதாரண ஃபோமில் நல்லது. 28, 30 சென்டிமீட்டர் எழும்பினால் அது எச்.ஆர். வகை, அதாவது துள்ளல் அதிகமுள்ள "ஹை ரெசிலியன்ஸ்" ஃபோம். 15-க்குக் கீழே நின்றுவிட்டால் தூள் கலந்ததாகவோ பழைய இருப்பாகவோ இருக்கலாம். சோபா இருக்கைக்கு அது வேண்டாம். மெமரி ஃபோமில் குண்டு ஏறக்குறைய எழும்பவே எழும்பாது. அது அந்த வகையின் இயல்பு, குறையாகக் கொள்ளக் கூடாது.

நேரம் இருப்பவர்கள் சாம்பிள் துண்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு பலகைக்கு நடுவே பாதிக் கனம் வரும்வரை கயிற்றால் இறுக்கி ஒரு ராத்திரி விடலாம். காலையில் அவிழ்த்து அரை மணி நேரம் கழித்து அளந்தால் நல்ல ஃபோம் பழைய கனத்துக்கே வந்திருக்கும். 4 அங்குலத் துண்டு மூன்றே முக்காலில் நின்றுவிட்டால் பிற்காலத்தில் அது எப்படி அமுங்கிக் கிடக்கும் என்பது ஒரே ராத்திரியில் தெரிந்துவிட்டது.

எந்தச் சரக்கு எதற்கு

18, 23 டென்சிட்டி: முதுகுக் குஷனுக்கும் அலங்காரத் தலையணைக்கும் மட்டும். முதுகு அவ்வளவு எடையைச் சாய்ப்பதில்லை, அங்கே மெத்தென்று இருப்பதுதான் சுகம். இருக்கைக்கு இதைப் போடச் சொல்பவர் உங்கள் செலவைக் குறைக்கவில்லை, அடுத்த செலவைச் சீக்கிரம் கொண்டுவருகிறார். 28 என்பது எப்போதோ விருந்தாளி வரும் முன்னறைக்குப் போதும்.

32 டென்சிட்டி மீடியம், 5 அங்குலம் என்பது நடுத்தரக் குடும்பத்துக்குச் சரியான தேர்வு. எடை சரியாக இருந்து, தூள் கலக்காமல் இருந்தால் தைரியமாகப் போடலாம். தாத்தா பாட்டி நாள் முழுக்க உட்காரும் இடம், 80 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர் தினம் உட்காரும் இடம், டிவிக்கு நேர் எதிரே இருக்கும் அந்த ஒரு இருக்கை: இவற்றுக்கு 40. ஐந்து இருக்கைக்கும் ஒரே தரம் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதிகம் உழைக்கும் இரண்டு இருக்கைக்கு மட்டும் 40 போட்டு, மற்றதற்கு 32 போடுங்கள். கெட்டித்தன்மையை மட்டும் ஒன்றாக வைத்துக்கொண்டால் உட்காருபவருக்கு வித்தியாசம் தெரியாது.

கையில் காசு இருந்தால் எங்கள் ஓட்டு எச்.ஆர். ஃபோமுக்குத்தான். சாதாரண ஃபோமில் உட்கார்ந்ததும் முதலில் ஒரு தடுப்பு, பிறகு சட்டென்று அமுங்கல் என்று இருக்கும். எச்.ஆர். முதலில் மெத்தென்று வாங்கிக்கொண்டு, உள்ளே போகப் போகத் தாங்கும். ஆலைக்காரர்கள் இதை ஒரு விகிதமாக அளக்கிறார்கள்: கனத்தில் 65 விழுக்காடு அமுக்கத் தேவைப்படும் விசையை, 25 விழுக்காடு அமுக்கத் தேவைப்படும் விசையால் வகுப்பது. அது 2-க்கு மேல் இருந்தால் அடிப்பலகை இடுப்பில் தட்டாது. நல்ல எச்.ஆர். இதைத் தாண்டும், மட்டமான ஃபோம் 2-க்குக் கீழேயே நிற்கும். டெல்டாவின் சின்ன ஊர்களில் எச்.ஆர். எப்போதும் இருப்பில் இருக்காது. திருச்சியிலிருந்து வரவழைத்துத் தருவார்கள். வந்ததும் குண்டை விட்டுப் பாருங்கள், ஏனென்றால் சாதாரண ஃபோமையே எச்.ஆர். என்று சொல்லிக் கொடுப்பதும் நடக்கிறது.

ரீபாண்டட் என்பது வெட்டுத் துண்டுகளைத் தூளாக்கி, பசை சேர்த்து அழுத்திச் செய்த பல வண்ணப் பலகை. 80 முதல் 120 டென்சிட்டி வரை எடை இருக்கும். எடையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள், இதற்குத் துள்ளல் கிடையாது. பலகை அடித்த இருக்கையில் அடிப்பாகமாக ஒரு அங்குலம் போடுவதற்கு அருமையான சரக்கு. ஐந்து அங்குலமும் இதையே போட்டால் பெஞ்சில் உட்காருவதுபோலத்தான்.

வெள்ளையாக, கிடுகிடுவென்று சத்தம் போடும் இ.பி.இ. ஷீட்டைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியாது. ஃபிரிட்ஜும் டிவியும் பெட்டியில் வரும்போது சுற்றி வரும் பொருள் அது. மலிவான ரெடிமேட் சோபாக்களில் நடுவில் இதை வைத்து மேலும் கீழும் ஒரு அங்குலம் நல்ல ஃபோமை ஒட்டிவிடுகிறார்கள். அதன் அறைகள் மூடியவை. நசுங்கினால் திரும்ப எழாது. மேல் ஃபோம் புதிதாகவே இருக்க, இருக்கை மட்டும் பள்ளமாகிவிடும்.

நார் மெத்தை, அதாவது ரப்பர் பாலில் தோய்த்த தேங்காய் நார், காற்றோட்டத்தில் எதற்கும் சளைத்ததில்லை. நம் புழுக்கத்துக்கு நல்லது. ஆனால் சோபாவில் உட்காரும் இடம் எப்போதும் ஒன்றே என்பதால் அந்த இடத்தில் நார் முறிந்து தூளாகக் கொட்டும். படுக்கைக்கு நல்ல பொருள், இருக்கைக்கு இரண்டாம் தரம்தான். அசல் லேடெக்ஸ், அதாவது ரப்பர் பாலிலேயே வார்த்த ஃபோம், எல்லாவற்றிலும் மேல்: துள்ளல் உண்டு, காற்று போகும், நீடித்து உழைக்கும். 80 டென்சிட்டியில் 22-க்கு 22, 4 அங்குலத் துண்டு இரண்டரைக் கிலோ இருக்கும். விலைதான் எட்டாது, வெயில் பட்டால் மேல்தோல் காய்ந்து வெடிக்கவும் செய்யும். மெமரி ஃபோம் சூட்டுக்கு இளகும் பொருள். சித்திரை வைகாசியில் மின்விசிறி மட்டும் ஓடும் கூடத்தில் அது இளகிப்போய்த் தாங்காது, உடம்புச் சூட்டையும் பிடித்து வைக்கும். சோபாவுக்கு வேண்டாம்.

கம்பெனிப் பெயர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்லீப்வெல், டியூரோஃப்ளெக்ஸ் போன்ற பெயர்கள் எல்லா ஊரிலும் கிடைக்கின்றன. கர்லான் என்ற மெத்தைக் கம்பெனியை ஸ்லீப்வெல் தயாரிக்கும் ஷீலா ஃபோம் 2023-ல் வாங்கிவிட்டது. ஒவ்வொரு கம்பெனியும் மட்டமும் விற்கும், உயர்தரமும் விற்கும். ஆகவே "கம்பெனி ஃபோம்" என்ற வார்த்தை மட்டும் எதையும் உறுதி செய்யாது. ஷீட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் ரகத்தின் பெயரைப் படியுங்கள், எடையைப் போடுங்கள்.

அடியில் என்ன இருக்கிறது

நல்ல ஃபோம் போட்டும் குழி விழுகிறது என்று வருபவர்களின் சோபாவைக் கவிழ்த்துப் பார்த்தால் பாதிக்குப் பாதி குற்றம் அடியில்தான். எலாஸ்டிக் பெல்ட் தளர்ந்திருக்கும். அதன் மேல் எத்தனை டென்சிட்டி வைத்தாலும் பெல்ட்டோடு சேர்ந்து தொங்கும். கையால் அழுத்தி விட்டதும் பெல்ட் படக்கென்று நிமிர வேண்டும். நிமிராவிட்டால் முதலில் அதை மாற்றுங்கள். குறுக்கும் நெடுக்குமாகப் பாய் பின்னுவதுபோலப் பின்னியிருக்க வேண்டும், பெல்ட்டுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளிக்கு மேல் கூடாது. ஜிக்ஜாக் ஸ்பிரிங் என்றால் அதன் மேல் கெட்டியான ஒரு ஃபெல்ட் துணி அவசியம். இல்லாவிட்டால் கம்பி ஃபோமை அடியிலிருந்து அறுக்கும்.

தேக்கு, வாகைச் சோபாக்களில் சட்டங்கள் இடைவெளி விட்டு அடித்திருக்கும். இடைவெளி இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் ஃபோம் அதில் பிதுங்கி, கோடு கோடாகத் தேயும். நடுவில் இன்னொரு சட்டம் அடிக்கலாம். முடியாவிட்டால் அடியில் ஒரு அங்குல ரீபாண்டட், மேலே நாலு அங்குலம் 32 என்று ஒட்டிக்கொள்ளலாம். முழுப் பிளைவுட் அடித்த இருக்கையில் வேறு பிரச்சினை: காற்று வெளியேற வழியில்லை, வியர்வை ஈரம் அடியில் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். முக்கால் அங்குலத் துளைகள் ஆறேழு போட்டுவிடச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. பழைய பிரம்புப் பின்னல் சோபா வைத்திருப்பவர்கள் கனமான குஷன் தேட வேண்டாம். பிரம்பே சுருள்போல வேலை செய்கிறது. இரண்டு அங்குலம் 32 போதும்.

கனத்தை முடிவுசெய்யும்போது உயரத்தையும் அளக்க வேண்டும். தரையிலிருந்து சட்டம்வரை உள்ள உயரத்தோடு குஷன் கனத்தைக் கூட்டி, உட்கார்ந்தால் அமுங்கும் ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலத்தைக் கழியுங்கள். 16-லிருந்து 18 அங்குலம் பெரும்பாலோருக்குச் சரி. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு 18-க்குக் குறையக் கூடாது, ஃபோமும் ஹார்டாக இருக்கட்டும். மெத்தில் புதைந்துவிட்டால் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். நாலு அங்குலம் இருந்த இடத்தில் ஆறு போட்டால் கைப்பிடி இரண்டு அங்குலம் தாழ்ந்துபோன மாதிரி ஆகும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

வெட்டும் தையலும்

ஷீட் 72-க்கு 36 அங்குலம் வரும். 22-க்கு 22 வெட்டினால் ஒரு ஷீட்டில் மூன்று துண்டுதான் கிடைக்கும். பக்கத்தில் 14 அங்குல அகலப் பட்டை ஒன்று மிஞ்சும். ஐந்து இருக்கைக்கு இரண்டு ஷீட் வேண்டும். இந்த இடத்தில்தான் சிலர் மிஞ்சிய பட்டையோடு எட்டு அங்குலத் துண்டை ஒட்டி நாலாவது இருக்கை செய்துவிடுகிறார்கள். ஒட்டிய கோடு ஃபோமைவிடக் கெட்டியாக இருக்கும். உட்கார்ந்தால் தொடையில் உறுத்தும், கொஞ்ச நாளில் அந்தக் கோட்டிலேயே பிரியும். இருக்கைக்கு ஒட்டுத் துண்டு வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மிஞ்சும் பட்டையைக் கைப்பிடிக்கும் உருட்டுத் தலையணைக்கும் பயன்படுத்தலாம், அல்லது வீட்டுக்கு எடுத்து வரலாம். அது உங்கள் காசில் வந்த சரக்கு.

உறையின் அளவுக்கே ஃபோமை வெட்டினால் சலவைக்குப் பிறகு உறை தொளதொளவென்று நிற்கும். நீளத்திலும் அகலத்திலும் அரை அங்குலம் கூட்டி வெட்ட வேண்டும். ஒரு அங்குலம் கூட்டினால் ஓரம் சுருண்டு, நடுவில் மேடு கட்டும். மேலே ரெக்ரான் பஞ்சு ஒரு சுற்று சுற்றினால் ஓரங்கள் உருண்டு அழகாக உட்காரும். அப்போது அரை அங்குலம் கூட்டுவது வேண்டாம். ரெக்ரான் சீக்கிரம் தட்டையாகும், அதைத் தாங்கும் சரக்காக நினைக்கக் கூடாது.

ஃபோமுக்கும் மேல் உறைக்கும் நடுவே காடா துணியில் ஒரு உள்ளுறை தைத்துப் போடுங்கள். செலவு சொற்பம், பலன் பெரிது: மேல் துணி உரசி ஃபோம் தூளாவது நிற்கும், உறையைக் கழற்றி மாட்டும்போது மூலை கிழியாது. மேல் உறைக்கு ஜிப் பின்பக்கம் முழு நீளத்துக்கும், இரண்டு ஓரமும் மூன்று அங்குலம் திரும்பி வர வேண்டும். சின்ன ஜிப் வைத்தால் ஃபோமை மடித்துத் திணிக்க வேண்டியிருக்கும். ரெக்சின் உறை காற்று விடாது. உட்காரும்போது உள்ளே அடைபட்ட காற்று தையலைப் பிரிக்கும். அடிப்பக்கம் வலைத் துணி வைக்கவோ, பின்பக்கம் கண்ணி அடிக்கவோ சொல்லுங்கள்.

இரண்டு அடுக்கு ஒட்டும்போது ஃபெவிகால் எஸ்.ஆர். 998 போன்ற ரப்பர் பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாமல் பிசுபிசுப்பு மட்டும் நிற்கும்வரை காத்திருந்து அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பசை ஃபோமுக்குள் இறங்கிக் காய்ந்து கட்டியாகும். ஓரத்தைச் சுற்றியும் நடுவில் ஒரு பெருக்கல் குறியும் போதும். முழுக்கத் தடவத் தேவையில்லை.

ஊஞ்சல் குஷனுக்குக் கணக்கு வேறு. பலகைதான் அடி, உட்கார்ந்தவர் கால் தரையில் ஊன்ற வேண்டும், ஆகவே இரண்டு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 40 டென்சிட்டி ஹார்ட் இரண்டு அங்குலம், அல்லது ஒரு அங்குலம் ரீபாண்டட் மேல் ஒரு அங்குலம் 40. ரெக்சின் மட்டும் வேண்டவே வேண்டாம்: அதில் உள்ள எண்ணெய்ச் சத்து பாலீஷை இளக்கி, சில மாதத்தில் உறை பலகையோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி உறையும், சங்கிலிக் கொக்கியில் கட்ட நாலு மூலையில் நாடாவும் போதும்.

நம் மழை, நம் வெயில்

இலவம் பஞ்சு மெத்தையை மாசியில் வெயிலில் போட்டு அடித்துப் பழகிய கை நமக்கு. ஃபோமை அப்படிச் செய்யக் கூடாது. உறையைக் கழற்றிவிட்டு வெயிலில் வைத்தால் அன்றே மஞ்சளிக்கத் தொடங்கும். திரும்பத் திரும்பச் செய்தால் மேல்பரப்பு பொருபொருவென்று உதிரும். மஞ்சள் நிறம் மட்டும் கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. கடையில் நாள்பட்ட ஷீட்டின் ஓரம் மஞ்சளாக இருக்கும், உள்ளே நன்றாகவே இருக்கும். நகத்தால் கீறி உதிர்கிறதா என்று பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை குஷன்களை எடுத்து நிமிர்த்தி, ஜன்னலோரம் மின்விசிறியில் ஒரு மணி நேரம் வைத்தாலே பூஞ்சணம் அண்டாது. முற்றம் உள்ள வீட்டில் சாரல் படும் பக்கம் சோபா வேண்டாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் ஜிப்பும் ஸ்பிரிங்கும்தான் முதலில் போகும். பிளாஸ்டிக் ஜிப்பும் எலாஸ்டிக் பெல்ட்டும் அங்கே நல்லது. குஷன் நனைந்துவிட்டால் பிழியாதீர்கள், கிழிந்துவிடும். இரண்டு பலகைக்கு நடுவே அமுக்கித் தண்ணீரை வடித்து நிழலில் காற்றில் உலர்த்த வேண்டும். மழைத்தண்ணீர் என்றால் காப்பாற்றலாம். 2018 நவம்பர் 16-ல் கஜா கரை கடந்தபோது நடந்ததுபோல, வெள்ளமோ சாக்கடையோ கலந்த தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தால் அந்த ஃபோமை எறிந்துவிடுவதே உடம்புக்கு நல்லது. நடுவரை போன அழுக்கை எந்தச் சலவையும் எடுக்காது.

சோபாவுக்கு அடியில் கொசுவர்த்தி வைக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். பாலியுரிதேன் பற்றிக்கொண்டால் நிமிடக்கணக்கில் கூடம் முழுக்கப் பரவும். அதன் கரும்புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். தீயைவிடப் புகைதான் முதலில் கொல்லும். கார்த்திகை விளக்கையும் சோபாவிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும். தீத்தடுப்பு ரகம் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். அதுவும் எரியும், மெதுவாக எரியும்.

ரெடிமேட் செட் வாங்கும்போது

கல்யாணச் சீருக்கு வாங்கும் மூன்று-ஒன்று-ஒன்று செட்டில் குஷனைத் தனியாக எடுக்க முடிந்தால் ஜிப்பைத் திறந்து பக்கவாட்டைப் பாருங்கள். ஒரே நிறமாக இருக்கிறதா, நடுவில் வெள்ளை ஷீட் தெரிகிறதா, அடுக்கு எத்தனை என்பது அங்கே தெரியும். ஜிப் இல்லாத, தைத்து மூடிய இருக்கை என்றால் செட்டைக் கவிழ்த்து, அடியில் அடித்திருக்கும் கறுப்புத் துணியின் ஒரு மூலையை மட்டும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். திரும்ப நாலு பின் அடித்தால் முடிந்தது. பிறகு பத்து நிமிடம் உட்காருங்கள், பேசிக்கொண்டே. முதல் நிமிடத்தில் எல்லா சோபாவும் நன்றாகத்தான் இருக்கும். பத்தாவது நிமிடத்தில் அடிச்சட்டம் இடுப்பில் தெரிந்தால் அதை எடுக்க வேண்டாம்.

பில்லில் "சோபா ஃபோம்" என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். ரகத்தின் பெயர், டென்சிட்டி, கெட்டித்தன்மை, துண்டின் அளவு, எத்தனை துண்டு, ஒரு துண்டின் எடை ஆகியவை இருக்கட்டும். வேலைக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் ஒரு மூலையில் பேனாவால் கையெழுத்துப் போட்டுவிட்டு, குஷன் தைத்து வந்ததும் ஜிப்பைத் திறந்து அந்தக் கையெழுத்தைத் தேடுங்கள்.